எடுக்கப்படாத படத்தில் பிழை இருப்பதில்லை

வரலாற்றுப் போர்ப்படம் ஒன்று வெளியான மறுநாளே கல்விப்புலத்தில் ஒரு பட்டியல் உலவத் தொடங்கிவிடும். எந்தக் காட்சியில் வரும் துப்பாக்கி அந்த ஆண்டில் புழக்கத்தில் இல்லை, எந்த அதிகாரியின் தோள்பட்டையில் பதவிச் சின்னம் தவறாகத் தைக்கப்பட்டிருக்கிறது, எந்தக் கோட்டைச் சுவரில் சிமெண்ட் பூச்சு தெரிகிறது என்று அந்தப் பட்டியல் நீளும். தொகுப்பவர் பெரும்பாலும் முனைவர் பட்டம் பெற்றவராகவோ, பெறும் வழியில் இருப்பவராகவோ இருப்பார். அடியில் ஒரு பெருமூச்சும் கட்டாயம் இடம்பெறும்: இதையும் கைதட்டி ரசிக்கிறார்களே!

பிழைகளைச் சுட்டுவதில் குற்றம் இல்லை. அது ஆய்வாளரின் தொழில். அந்தப் பெருமூச்சுதான் குற்றம். ரசனையை அறியாமையின் அடையாளமாக்கும் அந்தப் பெருமூச்சின் பின்னால் வசதியான நம்பிக்கை ஒன்று ஒளிந்திருக்கிறது. திரையில் தெரியும் தவறுகளை எண்ணி முடித்துவிட்டால் வரலாற்றுக்கு ஆற்ற வேண்டிய கடமை முடிந்துவிட்டது என்பதே அந்த நம்பிக்கை. அந்தமான் நிகோபார் தீவுகளின் வரலாற்றை அருகில் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு ஓட்டையானது என்று புலப்படும்.

2017-இல் வெளிவந்த 'காஸி' படத்திலிருந்து தொடங்கலாம். சங்கல்ப் ரெட்டி இயக்கி, தெலுங்கிலும் இந்தியிலும் எடுக்கப்பட்டு, தமிழிலும் மொழிமாற்றம் பெற்ற படம் அது. 1971 போரில் விசாகப்பட்டினத்தின் அருகே மூழ்கிய பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பலான காஸியை, எஸ்-21 என்னும் இந்திய நீர்மூழ்கிக் கப்பல் கடலடியில் துரத்திப் போரிட்டு அழிப்பதாகக் கதை போகிறது. பட்டியல்காரர்களுக்கு இது திருவிழா. அப்படியொரு கடலடிச் சண்டை நடக்கவே இல்லை. 1971 டிசம்பர் 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட இரவில் ஐ.என்.எஸ். ராஜ்புத் என்னும் பழைய நாசகாரிக் கப்பல் வீசிய ஆழ்நீர்க்குண்டுகளால் காஸி அழிந்தது என்பது இந்தியக் கடற்படையின் கூற்று. உள்வெடிப்பாலோ, தான் விதைத்த கண்ணிவெடியாலோ அது மூழ்கியிருக்க வேண்டும் என்பது மறுதரப்பின் கூற்று. இரண்டு கூற்றுகளிலும் இந்திய நீர்மூழ்கிக் கப்பலுக்கு இடமே இல்லை.

பிழை உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் தொடாமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: காஸி யாரைத் தேடி வந்தது? ஐ.என்.எஸ். விக்ராந்தைத் தேடி வந்தது. இந்தியாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் அப்போது எங்கே இருந்தது? அந்தமானில். கொதிகலனில் விரிசல் கண்டு வேகம் குறைந்திருந்த அக்கப்பலைத் திறந்த கடலில் நிறுத்தி வைப்பது தற்கொலைக்கு ஒப்பானது. எனவே கிழக்குக் கடற்படைப் பகுதியின் தலைவர் என். கிருஷ்ணன் அதை அந்தமான் தீவுகளின் மறைவுக்கு அனுப்பிவைத்தார். போர்ட் எக்ஸ்ரே என்பது அந்த மறைவிடத்துக்குச் சூட்டப்பட்ட குறிப்பெயர். விக்ராந்த் விசாகப்பட்டினத்துக்கு அருகிலேயே இருப்பதாக எதிரியை நம்பவைக்க ராஜ்புத் வேடம் கட்டியது. விமானந்தாங்கிக் கப்பலுக்கு உரிய அளவில் கம்பியில்லாத் தகவல்களை அனுப்பித் தள்ளியது. கரையில் பெருங்கப்பலின் மாலுமிகளுக்குத் தேவையான அளவுக்கு இறைச்சியும் காய்கறியும் கேட்டு ஒப்பந்தக்காரர்களிடம் சொல்லிவைக்கப்பட்டது, சந்தைப் பேச்சு ஒற்றர்களின் காதை எட்டும் என்ற கணக்கில். காஸி அழிந்த அதே நாளில் விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கத் தொடங்கின.

காய்கறிக் கணக்கைக் கொண்டு பகைவனை ஏமாற்றிய கதைக்கு எந்தத் தயாரிப்பாளர் பணம் போடுவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். படம் அந்தத் தந்திரத்தை விட்டுவிட்டுக் கடலடிச் சண்டையைத் தேர்ந்துகொண்டது வணிகத்தின் முடிவு. அந்த முடிவுக்குள் நின்று அது செய்ததை நன்றாகவே செய்திருக்கிறது. மூச்சுமுட்டும் இரும்புக் குழாய்க்குள் மாதக்கணக்கில் வாழும் மனிதர்களின் வியர்வை, எதிரொலிக் கருவியின் ஒவ்வொரு துடிப்புக்கும் உறையும் முகங்கள், நீரழுத்தத்தில் கப்பலின் உடல் முனகும் ஒலி ஆகியவற்றில் பொய் இல்லை. தேசிய கீதம் பாடும் காட்சி கொஞ்சம் கூடுதல்தான், அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பார்வையாளர் ரசித்தது இந்த அனுபவத்தை. போர்க்கப்பலின் எண்ணைத் தேர்வுத்தாளில் எழுதுவதற்காக எவரும் திரையரங்குக்குப் போகவில்லை. ஆய்வாளர் கோபப்பட வேண்டுமானால், எஸ்-21 இருந்ததற்காகக் கோபப்படுவதைவிட, படம் முடிந்து வெளியே வருபவரின் நினைவில் அந்தமான் இல்லாமல் போனதற்காகக் கோபப்பட்டிருக்கலாம். அந்தக் கோபம் எந்தப் பட்டியலிலும் காணக் கிடைக்கவில்லை.

தமிழ் படித்தவர்களிடம் இந்தக் கறார்த்தன்மை எங்கிருந்து வந்தது என்பதும் வியப்புக்குரியது. கலிங்கத்துப்பரணியை எந்தப் பேராசிரியரும் பிழைப்பட்டியல் போட்டு ஒதுக்குவதில்லை. செயங்கொண்டார் படைத்த போர்க்களத்தில் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் அடுகின்றன. யானைத் தலைகள் அடுப்பாகின்றன. காளி தன் பேய்க்கணங்களோடு உரையாடுகிறாள். இவ்வளவையும் ரசித்துக்கொண்டே, கருணாகரத் தொண்டைமானின் கலிங்கப் படையெடுப்புக்கு அந்நூலைச் சான்றாகவும் வரலாற்றாசிரியர்கள் எடுத்தாள்கிறார்கள். கல்வெட்டுகளோடு ஒப்புநோக்குகிறார்கள், எது மிகை, எது செய்தி என்று பிரித்தறிகிறார்கள். பேய் கூழ் குடித்ததற்கு ஆதாரம் உண்டா என்று வகுப்பில் எழுந்து கேட்கும் மாணவரைப் பார்த்து ஆசிரியர் சிரிப்பார். அதே ஆசிரியர் திரையரங்கிலிருந்து வெளியே வந்து பொத்தான்களை எண்ணுகிறார். பரணிக்குக் காட்டும் பக்குவத்தைப் படத்துக்கு மறுப்பதற்கு, பரணி பழையது, படம் புதியது என்பதைத் தவிர வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை. பரணி பாடத்திட்டத்தில் இருக்கிறது என்பதையும் ஒருவேளை சேர்த்துக்கொள்ளலாம்.

1959-இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' பற்றிய பழைய சண்டையும் இத்தகையதே. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்தபோது, திரையில் சிவாஜி கணேசன் முழங்கியது போன்ற உரை எதுவும் நிகழவில்லை. கும்பினியின் ஆவணங்களில் தெரிபவர், நிலுவைக் கணக்குக்காக அலைக்கழிக்கப்பட்ட ஒரு பாளையக்காரர். ஆனால் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட அவர் மீதான ஆய்வுக்குப் பின்னாளில் வந்து சேர்ந்த இளைஞர்களில் எத்தனை பேர் அந்த முழக்கத்தைக் கேட்டு வந்தவர்கள் என்று ஆவணக் காப்பகங்களின் வாசலில் நின்று கேட்டால் விடை கிடைக்கும். ரசனை ஆய்வுக்குப் பகை என்பவர்கள் தாங்கள் வந்த வழியைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்பது நல்லது.

எல்லாப் பிழையும் ஒரே நிறை உடையது அல்ல என்பதையும் பட்டியல் முறை மறைத்துவிடுகிறது. 1996-இல் பிரியதர்சன் இயக்கத்தில் மலையாளத்தில் 'காலாபானி' என்றும் தமிழில் 'சிறைச்சாலை' என்றும் வெளிவந்த படம் இதற்கு நல்ல சான்று. அந்தமான் என்றவுடன் தமிழர் மனத்தில் எழும் காட்சியைப் பெருமளவு உருவாக்கியது அந்தப் படமே. அதற்கு முன் தமிழ்த் திரைக்கு அந்தமான் என்பது எம்.ஜி.ஆரின் 'அந்தமான் கைதி'யும் சிவாஜியின் 'அந்தமான் காதலி'யும்தான். சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவுக்கும் சாபு சிரிலின் கலை இயக்கத்துக்கும் தேசிய விருது பெற்றுத்தந்த படம். இளையராஜாவின் இசை இன்றும் ஒலிக்கிறது. மோகன்லாலின் கோவர்த்தனும் பிரபுவின் முகுந்தனும் கற்பனை மாந்தர்கள். அவர்களைச் சுற்றி சாவர்க்கர், சிறையதிகாரி டேவிட் பாரி போன்ற மெய்யான மனிதர்கள் வைக்கப்பட்டிருக்கிறார்கள்.

இங்கே பட்டியல் போடுபவர் உடைகளையும் ஆண்டுகளையும் எண்ணிக்கொண்டிருப்பார். அவற்றை விட்டுவிடலாம். கற்பனை நாயகனைப் படைத்ததையும் விட்டுவிடலாம். அது கலைஞனின் உரிமை. படத்தின் முடிவில் நாயகன் பாரியைக் கொல்கிறான். மெய்யான பாரி எந்தக் கைதியின் கையாலும் சாகவில்லை; பல ஆண்டுகள் அந்தச் சிறையை ஆட்டிப்படைத்துவிட்டுத்தான் தீவை விட்டுப் போனார். இதுவும் வெறும் தகவல் பிழை என்றால் மன்னித்துவிடலாம். ஆனால் இது வேறு வகையைச் சேர்ந்தது. செல்லுலார் சிறையை அரசியல் கைதிகள் வென்றது எப்படி என்ற கேள்விக்கு வரலாறு தரும் விடை, உண்ணாநிலைப் போராட்டம். 1933-இல் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் வலுக்கட்டாயமாக உணவு புகட்டப்பட்டதில் இறந்தார்கள். 1937-இல் மீண்டும் பெருந்திரளான கைதிகள் உண்ண மறுத்தார்கள்; தாய்நாட்டுச் சிறைகளில் அவர்களுக்கு ஆதரவு பெருகியது; 1938 தொடக்கத்துக்குள் அரசியல் கைதிகள் அனைவரும் தீவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஏறத்தாழ 700 அறைகளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாதபடி பிரித்து வைக்கப்பட்டவர்கள், கூட்டாக வயிற்றைக் காயப்போட்டு வென்ற கதை அது. படம் அதற்கு முந்திய காலத்தில் நடப்பது என்று வாதிடலாம். இருந்தாலும் அது முன்வைக்கும் விடை, தனி மனிதனின் பழிவாங்கல்தான். கூட்டுப் போராட்டத்தின் இடத்தில் ஒற்றை நாயகனின் முறுக்கேறிய கரங்கள் வந்து அமர்கின்றன. ஆய்வாளர் விவாதிக்க வேண்டிய பிழை இது. இதை விவாதித்துவிட்டு, மறுபடியும் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்து ரசிக்கவும் செய்யலாம். இரண்டும் ஒரே மனத்துக்குள் இருக்க முடியாது என்று சொல்பவர்கள் மனித மனத்தைப் பற்றி மிகவும் குறைவாக மதிப்பிடுகிறார்கள்.

மாலையானால் செல்லுலார் சிறை வளாகத்தில் ஒலி-ஒளிக் காட்சி நடக்கிறது. அங்கே கதை சொல்வது ஓர் அரசமரம். மரம் பேசுமா என்று எந்த வரலாற்றுப் பேராசிரியரும் இதுவரை அறிக்கை விட்டதாகத் தெரியவில்லை.

இப்போது இந்தக் கட்டுரையின் உண்மையான வழக்குக்கு வரலாம். திரையில் உள்ளதை மட்டும் எண்ணும் முறைக்கு, திரையில் இல்லாதது கண்ணில் படாது. இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு தமிழர்கள் மறக்கக் கூடாத ஒரு படம்: டேவிட் லீனின் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. 1957-இல் வெளிவந்து ஏழு ஆஸ்கர் விருதுகளை வென்றது. இலங்கையின் கித்துல்கலயில், களனி கங்கையின் மீது பாலம் கட்டிப் படம்பிடித்தார்கள். ஜப்பானியரின் சயாம்-பர்மா ரயில்பாதையே கதைக்களம். அந்தப் படத்தின் பிழைகளைப் பற்றி மேலைநாட்டில் ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. ஆங்கிலேயக் கர்னல் பகைவனுக்காகப் பெருமையோடு பாலம் கட்டுவதாகக் காட்டியதை அங்கிருந்து மீண்ட போர்க்கைதிகள் கொதிப்போடு மறுத்தார்கள். அவர்களது உண்மைத் தலைவரான பிலிப் டூசி அத்தகையவர் அல்லர். பாலத்தை அதிரடிப் படையினர் தகர்ப்பதும் கற்பனை. மெய்யான பாலங்கள் 1945-இல் விமானக் குண்டுவீச்சுக்கு இரையாயின.

எல்லாம் சரி. அந்தப் பாதையில் செத்தவர்கள் யார்? நேசநாடுகளின் போர்க்கைதிகள் 12,000-க்கும் மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளர்களோ சுமார் 90,000 பேர் என்பது பரவலான மதிப்பீடு. அவர்களில் மிகப் பெரும் பகுதியினர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் பிடித்தும் ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர்கள். படத்தில் ஒரு தமிழ்த் தொழிலாளியும் இல்லை. தமிழர் வாழும் ஒரு நாட்டில் படமெடுத்தும் இல்லை. மேலைநாட்டுப் பிழைப்பட்டியல்கள் இதைப் பிழையாகக் கருதவும் இல்லை, ஏனெனில் காட்டப்படாததைத் தவறாகக் காட்ட முடியாது. அந்த இடைவெளியை நிரப்ப முயன்றது மலேசியத் தமிழ் எழுத்து, ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைப் படித்தவர்கள் அறிவார்கள். குவாய் படத்தை ரசிக்கலாமா என்றால், தாராளமாக ரசிக்கலாம். அலெக் கின்னஸின் நடிப்பை ரசிக்காதவருக்கு நட்டமே. ரசித்து முடித்தபின் அந்தப் பாலத்தில் தமிழன் எங்கே என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தமானின் போர் இதைவிடவும் முழுமையாகத் திரையிலிருந்து அழிந்துபோயிருக்கிறது. 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. பிரிட்டிஷ் படை முன்கூட்டியே விலகிவிட்டதால் எதிர்ப்பு ஏதும் இல்லை. வந்த சில நாட்களிலேயே, வீடு புகுந்த சிப்பாய்கள் மீது காற்றுத் துப்பாக்கியால் சுட்ட ஜுல்பிகர் அலி என்ற இளைஞர் ஊரார் முன்னிலையில் வதைத்துக் கொல்லப்பட்டார். ஆங்கிலேய அதிகாரி ஏ.ஜி. பேர்ட் பொது இடத்தில் தலை துண்டிக்கப்பட்டார். பிறகு ஒற்றர் வழக்குகள் தொடங்கின. எங்கோ ஒரு பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் தாக்கினால், தீவிலிருந்து சமிக்ஞை காட்டியவர்கள் என்று உள்ளூர்க்காரர்கள் பிடிக்கப்பட்டார்கள். ஆங்கிலேயர் கட்டிய செல்லுலார் சிறை அப்படியே ஜப்பானியரின் வதைக்கூடமாகக் கைமாறியது.

அந்த வதைக்கூடத்தில் இறந்தவர்களில் ஒருவர் மருத்துவர் திவான் சிங். பஞ்சாபிக் கவிஞர்; இந்திய சுதந்திர லீகின் உள்ளூர்த் தலைவர்; அதாவது, ஜப்பானியரின் துணையோடு விடுதலை கிடைக்கும் என்று நம்பிய இயக்கத்தைச் சேர்ந்தவரே. 1943 அக்டோபரில் பிடிக்கப்பட்டு 82 நாட்கள் வதைக்கப்பட்டு 1944 ஜனவரி 14 அன்று இறந்தார். இந்த 82 நாட்களுக்குள் விழும் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1943 டிசம்பர் 29 அன்று சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேர் வந்தார். மறுநாள் ஜிம்கானா மைதானத்தில் கொடியேற்றினார். தீவுகளுக்கு ஷகீத், ஸ்வராஜ் என்று பெயர் சூட்டினார். சிறையையும் பார்வையிட்டார். திவான் சிங் அடைபட்டிருந்த பக்கம் அவருக்குக் காட்டப்படவில்லை. கொடியேற்றி ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30 அன்று, ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர்கள் ஒற்றர்கள் என்ற பெயரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1945-இல் தீவு பட்டினியில் வாடியபோது, பயனற்றவர்கள் என்று கருதப்பட்ட நூற்றுக்கணக்கானோர் ஹேவ்லாக் தீவருகே கடலில் தள்ளப்பட்டார்கள். கரைசேர்ந்தவர்களில் உயிரோடு மிஞ்சியோர் மிகச் சிலர்.

இதைத் தமிழ்த் திரை ஏன் தொடவில்லை என்பதற்கு விடை காண்பது கடினமன்று. 'சிறைச்சாலை' வந்த அதே 1996-இல் ஷங்கரின் 'இந்தியன்' வந்தது. அதன் நாயகன் சேனாபதி, இந்திய தேசிய ராணுவத்தின் வீரர். கறுப்பு-வெள்ளைக் காட்சியில் போஸ் அருகே நிறுத்தப்பட்டிருப்பார். திரையரங்குகள் அதிர்ந்தன, அதிர்ந்தது தகும். அந்தப் படத்துக்குத் தேவைப்பட்ட போஸ் கறை படாதவர். அந்தமானில் 1943 டிசம்பர் 30 அன்று கொடியேற்றிய போஸ், தன் இயக்கத்துத் தோழர் சில பர்லாங்கு தொலைவில் வதைபட்டுக்கொண்டிருப்பதை அறியாமல், அல்லது அறியவிடப்படாமல் நின்றவர். இந்தக் காட்சியில் வில்லன் தெளிவாக இருக்கிறான், நாயகன் தெளிவாக இல்லை. வெள்ளையனை எதிர்த்த கதை என்ற சட்டகத்துக்குள் அது அடங்காது. எனவே போர்ட் பிளேரின் மூன்றரை ஆண்டுக்கால உண்மையான போர் பெருந்திரையில் இடம்பெறவில்லை. தீவுகளின் ஆட்சித்துறை ஆவணங்களில் 1942-க்கு முன் குடியேறியோர் என்னும் வகைப்பாடு இன்றளவும் உயிரோடு இருக்கிறது. போர் சான்றிதழ்களில் நுழைந்துவிட்டது, படச்சுருளில் நுழையவில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க இயலாது. மாணவர்கள் படக்காட்சியையே வரலாறாக எழுதுகிறார்கள், ஆகவே பட்டியல் தேவை என்பார்கள். தேவைதான். ஆனால் மாணவர் பாரி கொல்லப்பட்டார் என்று எழுதினால் ஒரு மதிப்பெண் குறைத்துத் திருத்திவிடலாம். ஜப்பானிய ஆக்கிரமிப்பு என்று ஒன்று நடந்ததே தெரியாத மாணவரின் விடைத்தாளில் திருத்துவதற்கு எதுவும் இருக்காது. இரண்டாவது குறைபாட்டுக்குப் படமெடுத்தவர்களை மட்டும் பொறுப்பாக்க முடியாது. பாடநூல் எழுதியவர்களும் ஆய்வுத் தலைப்புகளை வழங்கியவர்களும் அந்தப் பொறுப்பில் பங்குதாரர்கள்.

ஜப்பானியர் காலம் மட்டுமா விடுபட்டது? 1859 மே மாதத்தில் கிரேட் அந்தமானியர் வில்லும் அம்புமாக பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தாக்கினார்கள். அபர்தீன் போர் என்று அதற்குப் பெயர். போர்ட் பிளேரில் நினைவுச் சின்னமும் உண்டு. அந்தத் தாக்குதலை முன்கூட்டியே ஆங்கிலேயரிடம் சொல்லிவிட்டவர் தூத்நாத் திவாரி. 1857 கிளர்ச்சியில் தண்டிக்கப்பட்டு நாடுகடத்தப்பட்ட சிப்பாய். சிறையிலிருந்து தப்பி, அந்தமானியரோடு ஓராண்டு வாழ்ந்து, அவர்களிடம் மணமும் முடித்து, கடைசியில் காட்டிக்கொடுத்து மன்னிப்புப் பெற்றவர். 1857-இன் கிளர்ச்சியாளர் ஒருவரே பூர்வகுடிகளின் போருக்குத் துரோகி ஆகும் கதையை எந்தத் தேசபக்திப் படம் தாங்கும்? மண்ணின் மக்கள் தங்கள் நிலத்துக்காக நடத்திய போர், நாடுகடத்தப்பட்டவர்களின் தியாகக் கதைக்கு இடைஞ்சலாக வந்து நிற்கிறது.

அரசு செய்யும் வரலாற்றுக் கற்பனைக்குப் பட்டியல்காரர்கள் அளிக்கும் சலுகையும் சுவையானது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. சோழரின் கடற்படைத் தளமாக இத்தீவுகள் விளங்கின என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. முதலாம் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரத்தைக் குறிப்பிடுகிறது, அது நிகோபார். போர்ட் பிளேரில் சோழர் தளம் அமைத்ததற்கு அந்த மெய்க்கீர்த்தி சான்றாகாது. ராஜேந்திரனின் கடற்படை தாக்கிய பேரரசின் பெயரோ ஸ்ரீவிஜயம்! வெற்றி என்னும் பொருளில் வைத்த பெயர் என்று விளக்கம் உண்டு, இருக்கட்டும். 'பொன்னியின் செல்வன்' படத்தில் யார் தலையில் எந்தக் கொண்டை இருந்திருக்க வேண்டும் என்று வாரக்கணக்கில் வாதிட்டவர்களில் எத்தனை பேர் இந்தப் பெயர்ப்பலகை பற்றி வாய் திறந்தார்கள்? திரைப்படத்தின் கற்பனை மூன்று மணி நேரத்தில் விளக்கு எரிந்ததும் கலைகிறது. இது வரைபடத்தில் ஏறிவிட்டது.

மீண்டும் 1944-க்கு. திவான் சிங் இறந்து, ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் புதைக்கப்பட்ட சில வாரங்களில், போஸின் இடைக்கால அரசு ஒரு தமிழரைத் தீவுகளின் தலைமை ஆணையராக நியமித்து அனுப்பியது. ஆற்காடு துரைசாமி லோகநாதன், அவரும் மருத்துவர். இந்தியர் ஆளும் முதல் விடுதலை மண் என்று உலகுக்கு அறிவிக்கப்பட்ட இடத்தில், ஜப்பானியர் அவர் கையில் மெய்யாக ஒப்படைத்தது கல்வித்துறையை மட்டுமே. காவல்துறையைத் தரவில்லை. மக்கள் பிடித்துச் செல்லப்படுவதைத் தடுக்கும் அதிகாரம் இல்லாமல், பள்ளிக்கூடங்களை மேற்பார்வையிடும் ஆணையராகச் சில மாதங்கள் இருந்துவிட்டு உடல்நலம் குன்றித் திரும்பினார். ஒரு மருத்துவர் கொல்லப்பட்ட தீவுக்கு இன்னொரு மருத்துவர் ஆட்சித்தலைவராக வந்து, கையில் ஒன்றுமில்லாமல் நிற்கும் இந்தக் கதையைவிட வலுவான போர்ப்படக் கரு தமிழில் எளிதில் கிடைக்காது.

என்றாவது ஒரு நாள் அதை யாரேனும் எடுக்கலாம். எடுத்தால் லோகநாதனின் சீருடையில் பொத்தான்கள் தவறாகத்தான் இருக்கும்; ஜப்பானிய அதிகாரி சுத்தத் தமிழ் பேசுவார்; ஒரு பாட்டும் இருக்கும். பட்டியல் தொகுப்பவர்களுக்கு அன்று நிறைய வேலை. அதுவரை, 'சிறைச்சாலை'யைப் பார்த்துவிட்டுத் தீவுக்கு வருபவர்களின் வண்டிகள் செல்லுலார் சிறையில் நின்று புறப்பட்டு, ஹம்ஃப்ரிகஞ்ச் நினைவிடத்தைத் தாண்டி, வண்டூர் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருக்கும்.